தேவதாஸ் இறங்கிய குழி

புக்கிட் பெலிம்பிங்,
சனிக்கிழமை.

அன்பு மகள் மாதவிக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் கனமாக உடுத்தி, நோய்நொடி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி செல்வாவும் உயிரோடு இருக்கிறோம். எப்போதும்போல எல்லோரும் சுகம் என்று எழுதப் பார்த்தேன், அந்த வார்த்தைக்குக் கை வரவில்லை, அதனால் உயிரோடு இருக்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மில்லில் விபத்து, தேவதாஸ் மாமா தவறிப்போனார் என்று செல்வா உனக்கு மெசேஜ் போட்டான். நீயும் மூன்று தடவை கூப்பிட்டாய், நான்தான் எடுத்து அப்பாவுக்கு அசதி, அப்புறம் பேசு என்று வைத்துவிட்டேன். போனில் சொல்ல முடியாது. அப்பா ஒரு அறையில் இருந்தால் நான் அடுத்த அறையில் இருக்கிறேன், நடுவில் பலகைச் சுவர்தான், ஒரு சொல் விடாமல் கேட்கும். அதுவுமில்லாமல் பேச ஆரம்பித்தால் பாதியில் வைத்துவிடுவேன், எழுதினால் முடித்துவிடலாம். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ நியூசிலாந்து போன பிறகுதான் இங்கே அந்தக் கேஸ் குளத்தைக் கட்டினார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த நாளில் நம் மில்லுக்குக் கரண்டு பாய்லரில் இருந்துதான் வந்தது. எண்ணெய் எடுக்கச் செம்பனைப் பழத்தைப் பிழிந்த நாரையும் கொட்டை ஓட்டையும் போட்டு எரிப்பார்கள், அப்பா அந்தப் பாய்லரில் நின்று நின்றுதான் முன்கையில் ரோமம் இல்லாமல் போனது. அந்தப் பாய்லர் இன்னும் எரிகிறது. ஆனால் பழம் பிழிந்த கழிவுத் தண்ணீர் முன்பெல்லாம் திறந்த குளத்தில் நாறிக்கொண்டு கிடக்குமே, அந்தக் குளத்தின் மேல் இப்போது காற்சட்டைத் துணிபோலக் கனமான கறுப்பு ரப்பர் விரிப்பைப் போட்டு நாலு பக்கமும் மூடியிருக்கிறார்கள். தண்ணீர் உள்ளே புளித்துக் கேஸ் கிளம்பும், விரிப்பு பெரிய வயிறு மாதிரி உப்பும், கேஸைக் குழாயில் இழுத்து எஞ்சினுக்குக் கொடுத்தால் கரண்டு. அதை வெளிக் கம்பியில் விற்கிறார்கள். அப்பாவைப் பாய்லரில் இருந்து எடுத்து அந்த எஞ்சின் கொட்டகைக்கு மாற்றினார்கள், வெக்கை இல்லை, தூசி இல்லை, வயசான காலத்தில் நல்லது என்று நானே சந்தோஷப்பட்டேன். எனக்கும் லேபில் இருந்து தினம் குளத்தங்கரைக்குப் போய்த் தண்ணீர் சாம்பிள் எடுக்கும் வேலை, இடுப்பில் செருகிக்கொள்ள மஞ்சள் நிறத்தில் சின்ன மீட்டர் ஒன்று கொடுத்தார்கள், கெட்ட கேஸ் இருந்தால் அது கத்தும். அரை நாள் வகுப்பும் நடத்தினார்கள். வகுப்பு எடுத்தவர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது, அழுகின முட்டை வாசம் வந்தா பயப்படுங்க, அந்த வாசம் திடீர்னு நின்னுபோச்சுன்னா ஓடுங்க, கேஸ் போகல, ஒங்க மூக்குதான் செத்துப்போச்சு என்றார். நாங்கள் சிரித்தோம், தேவதாஸ் மாமாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது.

கேஸ் குழாயில் தண்ணீர் கட்டும், அது வடிந்து ஒரு குழியில் சேரும். சிமெண்டுக் குழி, ஆள் ஒன்றரை ஆழம் இருக்கும், உள்ளே ஒரு பம்பு, இறங்க இரும்பு ஏணி. பம்பு அடைத்துக்கொண்டால் யாராவது இறங்கித்தான் எடுக்க வேண்டும். இறங்குவதற்கு முன்னால் மூடியைத் திறந்து வைத்து, புளோவர் போட்டு அரை மணி நேரம் நல்ல காற்று அடிக்க வேண்டும், மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும், இடுப்பில் பட்டை கட்டி மேலே ஆள் பிடிக்க வேண்டும். சுவரில் மூன்று மொழியில் ஒட்டியிருக்கிறது. புளோவர் நாலு மாதமாக இல்லை. ரிப்பேர் என்று யாரோ லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. அந்த நாலு மாதத்தில் தேவதாஸ் மாமா அந்தக் குழியில் ஆறு முறை இறங்கியிருப்பார், ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதால்தான் ஏழாவது முறையும் இறங்கினார்.

போன வாரம் திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். விடியலில் மழை பெய்து விட்டிருந்தது, காற்றே இல்லை, ஒரு ஓலைகூட ஆடவில்லை. நான் குளத்தங்கரையில் குனிந்து சாம்பிள் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். நாற்பது அடி தள்ளி தேவதாஸ் மாமாவும் புவனேசனும் குழி மூடியைத் திறக்கிறார்கள். புவனேசன் நீ பார்த்ததில்லை, ஃபிட்டர், ரவாங்கில் இருந்து வந்து இரண்டு வருசம் ஆகிறது, சாது. தேவதாஸ் மாமா என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார், மத்தியானத்துக்கு என்ன குழம்பு என்று தினம் கேட்பாரே, அந்தக் கை. நானும் பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். காட்டும்போதே மனசுக்குள் வந்தது, மாதவி, புளோவர் இல்லையே, இன்றைக்குக் காற்றும் இல்லையே என்று வந்தது. வந்ததா இல்லையா என்று பன்னிரண்டு நாளாக என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன், வந்தது. பாட்டில் பாதிதான் நிறைந்திருந்தது. இதை நிறைத்து மூடிவிட்டுப் போய்ச் சொல்லலாம் என்று குனிந்தேன். அவ்வளவுதான். அலறல் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பேனர் சிமெண்டில் விழுந்த சத்தம் கேட்டது, அதற்குப் பின்னால் புவனேசன் அண்ணே, அண்ணே என்று இரண்டு தடவை கூப்பிட்டது கேட்டது. நிமிர்ந்து பார்த்தபோது புவனேசன் ஏணியில் மார்பு வரைக்கும் இறங்கியிருந்தான். வேண்டாம் என்று கத்தினேன். அவன் தலை மறைந்தது, பிறகு சாக்கு மூட்டை விழுகிற மாதிரி ஒரு சத்தம்.

பாட்டிலைப் போட்டுவிட்டு ஓடினேன். எஞ்சின் கொட்டகையில் இருந்து அப்பாவும் ஓடி வருகிறார். நான் குழியை நெருங்க நெருங்க இடுப்பில் மீட்டர் கத்த ஆரம்பித்துவிட்டது, நெருப்புப் பிடித்தது மாதிரி கத்துகிறது. அப்பா அதைக் காதில் வாங்கவில்லை, நேராக ஏணிக்குப் போகிறார். சட்டையைப் பிடித்தேன், கிழிந்து கையோடு வந்துவிட்டது. ஒரு கால் ஏணியில் வைத்துவிட்டார். நான் தரையில் விழுந்து இன்னொரு காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். விடுடி, தேவா கீழ கெடக்கான் என்றார். நீங்களும் போய்க் கெடப்பீங்க, விட மாட்டேன் என்றேன். முப்பத்தொரு வருசத்தில் என்மேல் கை வைக்காத மனுசன், தலையில் அடித்தார், தோளில் உதைத்தார், தேவா, தேவா என்று குழியைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே என்னை உதைத்தார். நான் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து அவரைச் சேற்றில் தள்ளி மேலே ஏறி உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. எல்லோரும் வீரம் என்கிறார்கள். வீரம் இல்லை மாதவி, பயம். கீழே இரண்டு பேர் கிடக்கிறார்கள், அவர்களை நான் நினைக்கவே இல்லை, இந்த ஒரு ஆள் போய்விடக் கூடாது என்பதுதான் என் மண்டையில் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அப்பா உதறுவதை நிறுத்தினார். கொம்பிரசர் ஹோஸ் என்றார். எழுந்து பட்டறைக்கு ஓடி, காற்று அடிக்கிற நீளக் குழாயை இழுத்துக்கொண்டு வந்து குழிக்குள் விட்டுத் திறந்துவிட்டார். அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள், யாரையும் கிட்டே விடாமல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நானே நின்றேன். பொம்பாவுக்குப் போன் போட்டு, அந்தத் தீயணைப்பு ஆட்கள் வந்து முகமூடி மாட்டி இறங்க இருபத்தைந்து நிமிசம் ஆனது. மேலாகக் கிடந்த புவனேசனை முதலில் தூக்கினார்கள், அவனுக்கு மூச்சு இருந்தது. குழாய்க் காற்று அவன் முகத்துக்கு நேராக அடித்ததுதான் காரணம் என்று பொம்பாக்காரர் சொன்னார். தேவதாஸ் மாமா அடியில், முகம் தண்ணீருக்குள். அவரைத் தூக்கி மேலே வைத்தபோது கையில் இன்னும் டார்ச் லைட் எரிந்துகொண்டிருந்தது, யாரும் அதை அணைக்கவில்லை, நான்தான் அணைத்தேன்.

அதே வாரம் புதன்கிழமை காரியம் முடிந்தது. புவனேசன் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்துவிட்டான், கண்ணாடிக் குவளையைப் பிடித்தால் கை ஆடுகிறது, அன்றைக்கு நடந்தது எதுவும் ஞாபகம் இல்லை என்கிறான். அப்பா ஒரு உயிரைக் காப்பாற்றினார் என்று ஊரே சொல்லுகிறது, அப்பா அதைக் கேட்டால் எழுந்து போய்விடுகிறார். உனக்குத் தெரியுமே, அவரும் தேவதாஸ் மாமாவும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள், ஒரே நாளில் மில்லுக்குப் பேர் பதிந்தவர்கள். இவர் போய் மாமா வீட்டு வாசலில் நிற்கிறார், தனியாக நிற்கும் கண்மணிக்கு அடுப்படியில் கேஸ் தோம்பைத் தூக்கி வைக்கிறார், கோழிக் கூட்டுக்குத் தகரம் அடிக்கிறார், திரும்பி வந்து நான் வைத்த சோற்றைச் சாப்பிடுகிறார், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. பதினோரு நாள் ஒரு வார்த்தை இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டார்கள், ஆனால் குளத்தில் புளிப்பது நிற்குமா, கேஸை ஒரு கம்பத்தின் உச்சியில் கொளுத்தி விட்டிருக்கிறார்கள், பகலில் அந்த நெருப்பு கண்ணுக்கே தெரியாது, மேலே காற்று மட்டும் கானல் மாதிரி நெளிகிறது. வீட்டுக்குப் பின்னால் துணி காயப் போடும்போது அந்தக் கறுப்பு வயிறு தெரிகிறது. சில நாள் வாசம் வரும், வந்தால் எனக்கு நிம்மதி, மூக்கு வேலை செய்கிறது. வாசம் வராத நாளில்தான் உயிர் போகிறது. பெருங்காய டப்பாவைத் திறந்து திறந்து மோந்து பார்க்கிறேன், மணக்கிறதா என்று. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது பார்த்துவிடுகிறேன். செல்வா பார்த்துவிட்டு என்னம்மா இது என்றான், சாம்பாருக்கு என்றேன், அடுப்பில் சாம்பாரே இல்லை.

இன்னொன்று இருக்கிறது, இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று இத்தனையும் எழுதினேன். தினம் சாம்பிள் எடுத்ததும் ஒரு செக்கிங் புத்தகத்தில் நான்தான் டிக் போட வேண்டும். மூடி, கயிறு, பட்டை, மீட்டர், புளோவர். புளோவர் போன முதல் நாள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். ஆபீசில் கூப்பிட்டு, காலியா இருந்தா ஆடிட்டில கேப்பாங்க, ரெண்டு நாள்ல வந்துரும், டிக் போட்டுருங்க என்றார்கள். போட்டேன். அப்புறம் யாரும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, கை தானாகப் போட்டது. இல்லாத சாமானுக்கு நாலு மாதம் என் கையெழுத்து. விபத்து நடந்த திங்கட்கிழமை காலையிலும் குழியைத் திறப்பதற்கு முன்னால் போட்டிருந்தேன்.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இருபது வருசத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்ததில்லை. ஷா ஆலமில் இருந்து விசாரணைக்கு அதிகாரி வர்றாங்க, நாகமணி, நீங்க தேவதாஸை எறங்காதன்னு சொன்னீங்க, அவர் கேக்கல, அவ்ளோதான் சொல்லணும், ஒங்களுக்கும் நல்லது, டிக் எல்லாம் ஒங்களுதுலா என்று மெதுவாகத்தான் சொன்னார். அப்பாவையும் இழுத்து, சேதுவுக்கு இன்னும் ரெண்டு வருசம் சர்வீஸ், வீடும் மில்லு வீடு என்றார். மிரட்டின மாதிரியே இல்லை, விசாரித்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், டிக் போட்டதையும் சொன்னேன். திரும்பவில்லை. இரண்டு நாளும் இதையே யோசித்தேன். பொய் சொன்னால் செத்த மனுசன் தலையில் பழி விழும், கண்மணிக்குச் சேர வேண்டியதுகூடச் சேராமல் போகலாம். உண்மையைச் சொன்னால் என் கையெழுத்தாலேயே எனக்கு நானே விலங்கு மாட்டிக்கொள்வது மாதிரி.

வியாழக்கிழமை அந்த அதிகாரி வந்தார், மலாய்க்காரப் பெண், உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும், மரியாதைக்குப் புவான் என்றுதான் கூப்பிட்டேன். மேனேஜரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார். புளோவர் அடா, இருக்கிறதா என்று கேட்டார். தாக் அடா, புவான், அம்பாட் புலான் என்றேன், இல்லை, நாலு மாதமாக இல்லை என்று. புத்தகத்தில் இருக்கிறதே என்று அந்தப் பக்கத்தை என் பக்கம் திருப்பினார். அது என் கை, ஆனால் பொய் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார், ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி என் பக்கம் தள்ளினார், பிறகு எழுதினார். தேவதாஸிடம் எச்சரித்தீர்களா என்று கேட்டார். இல்லை, பாட்டில் நிறையட்டும் என்று இருந்துவிட்டேன் என்றேன். அதையும் எழுதினார்.

இப்போது குளத்துப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று தடை போட்டிருக்கிறார்கள். எனக்கு விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று ஆபீஸ் கடிதம் வந்துவிட்டது. கோர்ட்டுக்குப் போகுமா, என்மேலும் கேஸ் வருமா, வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களா, எதுவும் தெரியாது. வாசலில் மோட்டார் சத்தம் கேட்டால் எழுந்து போய்த் திரையை விலக்கிப் பார்க்கிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலமே கண்மணியிடம் போய்ச் சொன்னேன், அடுத்தவர் வாயால் அவளுக்குத் தெரியக் கூடாது. அரிசி களைந்துகொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். ஒம் புருசன அவ்ளோ இறுக்கிப் புடிச்ச கையி, எம் புருசனுக்கு ஒரு கொரல் குடுக்கலியே, நாகு என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. அரிசித் தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே போனாள், நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தேன். அவள் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது, நீ சொல்.

நேற்றுத்தான் அப்பா பேசினார். காப்பி கொண்டுபோய் வைத்தேன், குவளையைப் பார்த்துக்கொண்டே, புவான்கிட்ட சொல்லிட்டியாமே என்றார். ஆமாம் என்றேன். நல்லது என்றார். குவளையைத் திருப்பி வைத்துவிட்டு, நீ விட்டிருந்தா நானும் போயிருப்பேன், எனக்குத் தெரியும், ஆனா ஒங்கையப் பாத்தா தேவா கீழ கெடந்ததுதான் தெரியுது, கொஞ்ச நாள் ஆகும் நாகு, அதுவரைக்கும் எதும் நெனச்சுக்காத என்றார். காப்பியைக் குடித்தார். எனக்கு அது போதும், அல்லது போதும் என்று சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது உன் பேச்சுக்கு வருகிறேன், மாதவி. பூமிக்குள் இருந்து கிளம்பும் ஆவியை வைத்துக் கரண்டு எடுக்கிற இடத்தில் உனக்கு வேலை கிடைத்தபோது நான் ஊரெல்லாம் சொன்னேன், எரிக்க வேண்டியதே இல்லையாம், புகையே இல்லையாம், என் மகளுக்கு அப்பா மாதிரி கை கருகாது என்று. போன மாதம் நீ போனில் என்ன சொன்னாய் ஞாபகம் இருக்கிறதா, இந்த ஊரே அழுகின முட்டை வாசம்மா, மொதல்ல தலவலி வந்துச்சு, இப்ப பழகிப்போச்சு, ஒண்ணுமே தெரியலலா என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அதே கேஸ்தான் பூமிக்குள் இருந்தும் வரும் என்று அந்தப் புவான் சொன்னார், நான்தான் கேட்டேன், என் மகள் இப்படி ஓர் இடத்தில் இருக்கிறாள் என்று. உங்கள் நாட்டில் முறையாக எல்லாம் இருக்கும், மீட்டர் இருக்கும், புளோவர் இருக்கும், கட்டம் போட்ட புத்தகமும் இருக்கும். புத்தகத்தை நம்பாதே. டிக்கை நம்பாதே. சாமானைக் கையால் தொட்டுப் பார், ஓடுகிறதா என்று காதால் கேள், அப்புறம்தான் மூடியைத் திறக்க வேண்டும். யாராவது குனிந்து ஒரு குழிக்குள்ளோ தொட்டிக்குள்ளோ போவதைப் பார்த்து உன் மனசுக்கு என்னவோ போல் இருந்தால், கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கத்து. முட்டாள் என்று சொன்னால் சொல்லட்டும். உள்ளே விழுந்தது உயிருக்கு உயிரான சிநேகிதியாகவே இருந்தாலும் நீ இறங்காதே. இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது, பெற்றவள் சொல்கிற புத்தியா இது என்று, ஆனாலும் சொல்கிறேன், இறங்காதே.

சளி பிடித்தால் வேலைக்குப் போகாதே, மூக்கடைப்போடு அங்கே நிற்கக் கூடாது. அப்பாவுக்குத் தனியாக நாலு வரி எழுது, விபத்தைப் பற்றிக் கேட்காதே, உன் சமையலைப் பற்றி எழுது. கண்மணிக்கும் நீ கூப்பிட்டுப் பேசு, நான் சொன்னேன் என்று சொல்லாதே. மாரியம்மன் உனக்குத் துணை இருக்கட்டும், தாயும் தகப்பனும் தம்பியும் எந்நேரமும் உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறோம், நீண்ட ஆயுசோடு நன்றாக இரு.

பதில் எழுதும்போது மறக்காமல் ஒன்று எழுது. அங்கே ஒருநாள் நீ யாருக்காவது இறங்கப் போனால், நீ அடித்தாலும் உதைத்தாலும் உன் காலை விடாமல் பிடித்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? வெள்ளைக்காரரோ மாவோரிக்காரரோ யாராக இருந்தாலும் சரி, அவர் பெயரை எனக்கு எழுது, விளக்கேற்றும்போது அந்தப் பெயரையும் சொல்லிக் கும்பிட வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
சே. நாகமணி